காறை எலும்பு எக்ஸ்-ரே: எடுக்கச் செல்வோரும் உடன் வருவோரும் அறிய வேண்டியவை

இருசக்கர வண்டியிலிருந்து சரிந்து விழுந்தவர்களும், படிக்கட்டில் கால் வழுக்கியவர்களும், விளையாட்டுத் திடலில் தோள் தரையில் மோதிய சிறுவர்களும் எலும்பு முறிவுப் பிரிவுக்குள் பெரும்பாலும் ஒரே தோற்றத்தில் நுழைகிறார்கள். அடிபட்ட பக்கத்துக் கையை மற்றக் கை அடியில் தாங்கிப் பிடித்திருக்கும். அந்தத் தோள் சற்றே தாழ்ந்திருக்கும். மருத்துவர் கழுத்தின் கீழே விரலால் மெல்லத் தடவிப் பார்த்துவிட்டு, காறை எலும்புக்கு ஓர் எக்ஸ்-ரே எழுதித் தருவார். அந்தச் சீட்டைக் கையில் வாங்கியது முதல், படத்தைப் பார்த்து மருத்துவர் முடிவு சொல்வது வரை நடப்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. படத்தைப் பார்த்தபின் குடும்பத்தாருக்கு எழும் அச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. காறை எலும்பு முறிவின் படத்தைப் போலப் பார்ப்பவரைக் கலங்க வைக்கும் படங்கள் குறைவு. அம்முறிவைப் போலத் தானாகக் கூடிவிடும் முறிவுகளும் குறைவு.

காறை என்பது கழுத்தை ஒட்டி அணியும் ஓர் அணியின் பெயர். அவ்வணி படியும் இடத்திலேயே இவ்வெலும்பும் அமைந்திருக்கிறது. மார்பின் நடுவே உள்ள மார்பெலும்பில் தொடங்கி, இரண்டு எதிரெதிர் வளைவுகளாக ஓடி, தோளின் மேல்முனையில் தோள்பட்டை எலும்பைச் சென்று தொடுகிறது. கை முழுவதையும் உடலின் நடுப்பகுதியோடு எலும்பால் இணைப்பது இது ஒன்றே. ஏனைய பிணைப்புகள் எல்லாம் தசைகளால் ஆனவை. ஆகவே ஒருவர் தோள் தரையில் மோத விழும்போது அந்த விசை இவ்வெலும்பின் வழியாகவே மார்பை நோக்கிப் பாய்கிறது. இரு வளைவுகளும் சந்திக்கும் நடுப்பகுதி மெலிந்தது. காறை எலும்பு முறிவுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அந்த நடுப்பகுதியில் நிகழ்வதற்கு இதுவே காரணம்.

தோலுக்கு அடியிலேயே இருக்கும் எலும்பு ஆதலால், முறிந்திருப்பதைப் பல நேரங்களில் விரலாலேயே உணர முடியும். அப்படியிருக்க எக்ஸ்-ரே எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. முறிவு நடுவிலா, தோள் முனையிலா, மார்பெலும்பின் அருகிலா. இரண்டு துண்டா, பல துண்டா. துண்டுகள் எவ்வளவு விலகியுள்ளன, ஒன்றின்மேல் ஒன்று ஏறி எலும்பு எவ்வளவு குறுகியிருக்கிறது என்பவற்றை விரல் சொல்லாது. சிகிச்சை முறை இவற்றைப் பொறுத்தே முடிவாகிறது.

அறைக்குள் செல்லும் முன்

வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை; ஊசியும் மருந்தும் செலுத்தப்படுவதில்லை. ஆனால் கழுத்தைச் சுற்றியுள்ளவற்றைக் கவனிக்க வேண்டும். உலோகம் எக்ஸ்-கதிரைத் தடுத்துப் படத்தில் வெண்மையாக விழும். கழுத்துச் சங்கிலி, தாயத்து, சேலை முந்தானையைத் தோளில் நிறுத்தும் ஊக்கு, உள்ளாடையின் கொக்கி, நீண்டு தொங்கும் காதணி ஆகியவை நாம் பார்க்க வேண்டிய இடத்தின் மேலேயே வந்து விழுவன. முன்தோளில் தொங்கும் அடர்ந்த பின்னல்கூட நிழலாக விழுந்து கீறல் போன்ற தோற்றத்தை உண்டாக்கலாம். கூந்தலை உச்சியில் முடிந்து கொள்வது நல்லது. தோளில் பற்றுப் போட்டிருந்தாலோ மருந்துப் பட்டை ஒட்டியிருந்தாலோ தொழில்நுட்பரிடம் சொல்லுங்கள். சில பூச்சுகளும் படத்தில் தெரியும்.

தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்கள் பலர். அத்தயக்கத்தை அறையில் உள்ளவர்கள் நன்கு அறிவார்கள். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. மஞ்சள் கயிறு கதிரை மறைப்பதில்லை, பொற்சங்கிலியே மறைக்கும். அவசரமில்லாத மறுபரிசோதனைக்கு வருபவர்கள் வீட்டிலேயே மாங்கல்யத்தை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வந்தால், கயிற்றை மறுபக்கமாக ஒதுக்கிவிட்டுப் படம் எடுத்துவிடலாம். முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டை அல்லது ரவிக்கை அணிந்து வருவதும் பேருதவி. தலை வழியாக மாட்டும் உடையை அடிபட்ட தோளோடு கழற்றுவது நோயாளிக்கு முறிவைவிடப் பெரிய வேதனை. கழற்றும்போது நல்ல கையை முதலில் வெளியே எடுக்க வேண்டும்; உடுத்தும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை உடனிருப்பவர் கற்றுக்கொண்டால் அடுத்த ஆறு வாரமும் பயன்படும்.

கருவுற்றிருக்கும் பெண்களும், கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர்களும் கதவுக்கு வெளியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் படம் எடுக்க மறுத்துவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டாம். கதிர் பாய்வது தோளின் மீது. கருப்பை அதற்கு வெகு தொலைவில் உள்ளது. உண்மையில் தேவைப்படும் படம் தகுந்த கவனத்துடன் எடுக்கப்படும்.

கதிரின் அளவைப் பற்றி அனைவரும் கேட்கிறார்கள், கேட்பது முறையே. மண், காற்று, வானம், உணவு ஆகியவற்றிலிருந்து நம் ஒவ்வொருவர் உடலும் இயற்கையாகவே ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைப் பெறுகிறது. சாதாரண மார்பு எக்ஸ்-ரே ஒன்றின் அளவு ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட்; அதாவது மூன்று நாள் வாழ்வதில் கிடைக்கும் அளவு. காறை எலும்புப் படமும் இந்த வரிசையைச் சேர்ந்த சிறு அளவே. சில வாரங்களில் மறுபடியும் எடுக்கச் சொன்னால் கலங்க வேண்டாம். அதேவேளை, "எதற்கும் இன்னொன்று எடுத்துப் பார்த்துவிடுங்கள்" என்று வற்புறுத்தவும் வேண்டாம். ஈயக் கவசம் சில படங்களுக்குத் தரப்படும், சிலவற்றுக்குத் தரப்படாது. தரப்படாததைக் கவனக்குறைவு என்று கொள்ள வேண்டியதில்லை.

அறைக்குள்

பெயரும் எந்தப் பக்கம் என்பதும் மீண்டும் கேட்கப்படும். ஏற்கெனவே மூன்று இடத்தில் சொல்லியிருந்தாலும் பொறுமையாகச் சொல்லுங்கள். பக்கம் மாறிப் போகாதிருக்கவே இக்கேள்வி.

இயன்றவரை நோயாளியை நிற்க வைத்தோ உட்கார வைத்தோ படம் எடுப்பார்கள். படுத்திருக்கும்போது கையின் எடை தோளைக் கீழே இழுப்பதில்லை. அதனால் விலகிய துண்டுகள் படுத்த நிலையில் ஒன்றுக்கொன்று நெருங்கி, முறிவு உள்ளதைவிடச் சிறியதாகத் தோன்றக்கூடும். மயக்கம் வருவது போலிருந்தால் உடனே சொல்லுங்கள், உட்கார்ந்தே எடுத்துக்கொள்ளலாம். முதுகு பலகையில் படிய நிற்க, தொழில்நுட்பர் கதிர்க்குழாயைத் தோளுக்கு நேராக நிறுத்துவார். தடுப்புச் சுவருக்குப் பின்னே சென்று மூச்சை அடக்கச் சொல்வார். கதிர் பாய்வது ஒரு நொடியில் சிறு பகுதி மட்டுமே. சுடாது, கூசாது, ஒன்றும் தெரியாது. கையை உயர்த்தவோ திருப்பவோ பொதுவாகத் தேவைப்படுவதில்லை. தொங்குகட்டோடு வந்திருந்தால் பெரும்பாலும் அப்படியே எடுக்கலாம். வலி உண்டாவது உடை மாற்றும்போதும் முதுகை நிமிர்த்தும்போதும்தான். கடும் வலி இருப்பவர்கள் வலி மாத்திரை அல்லது ஊசி போட்டபின் எடுக்கலாமா என்று முன்னரே கேட்கலாம்.

பிறகு அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டுக் குழாயைக் கீழிறக்கி, மேல்நோக்கிச் சாய்த்து இன்னொரு படம் எடுப்பார்கள். முதல் படம் சரியாக வரவில்லையோ என்று நினைத்துவிடுகிறார்கள் பலர். நேராக எடுக்கும் படத்தில் காறை எலும்பின் மீது விலா எலும்புகளும் தோள்பட்டை எலும்பும் குறுக்கே விழுகின்றன. கதிரை 15 முதல் 30 டிகிரி வரை தலைப்பக்கமாகச் சாய்த்தால் காறை எலும்பு விலாக்களை விட்டு மேலே எழுந்து தனித்துத் தெரியும். அன்றியும், ஒரு துண்டு மற்றதற்கு முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பதை ஒற்றைப் படம் சொல்லாது. தென்னை மரத்தின் சாய்வை ஒரு பக்கத்தில் மட்டும் நின்று பார்த்து அறிய முடியாதது போன்றதே இது.

சிறு குழந்தையானால் உடன் ஒருவரைப் பிடித்துக்கொள்ள அனுமதிப்பார்கள். அவர் ஈயக் கவசம் அணிய வேண்டும். கருவுற்ற பெண்ணாக இருக்கக் கூடாது. குழந்தையிடம் "ஒன்றுமே செய்ய மாட்டார்கள்" என்று சொல்வதைவிட, "போட்டோ எடுப்பார்கள், நீ சிலை போல நிற்க வேண்டும்" என்று சொல்லி அழைத்து வருவது மேல்.

படத்தைப் பார்க்கும்போது

இப்போது படம் உடனே கிடைத்துவிடுகிறது. கணினித் திரையிலோ கையில் தந்த படச்சுருளிலோ குடும்பமே கூடி நின்று பார்க்கிறது. எலும்பு இரண்டாகப் பிளந்து, ஒரு முனை மேலே கூரையின் முகடு போல் தூக்கி நிற்க, மறுமுனை கீழே தொங்குவதைக் காண்கிறார்கள். "இது எப்படி டாக்டர் தானாகச் சேரும்?" என்பது அடுத்த கேள்வி. தொங்குகட்டு மட்டும் போட்டு வீட்டுக்கு அனுப்பினாலோ, "மாவுக்கட்டுகூடப் போடாமல் அனுப்பிவிட்டார்களே" என்ற மனக்குறை தொடங்குகிறது.

அத்தோற்றத்துக்குக் காரணம் எளியது. கழுத்தின் பக்கவாட்டில் காதின் பின்புறத்திலிருந்து இறங்கும் பெரிய தசை ஒன்று எலும்பின் உட்துண்டைப் பற்றி மேலே இழுக்கிறது. வெளித்துண்டைக் கையின் எடை கீழே இழுக்கிறது. மார்புத் தசைகள் தோளை உள்நோக்கி இழுப்பதால் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. நடுப்பகுதி முறிவு பெரும்பாலும் இந்த வடிவத்தையே எடுக்கும். முனைகள் நேருக்கு நேர் பொருந்தாவிட்டாலும் அவற்றிடையே புதிய எலும்பு வளர்ந்து பாலம் போடும். மாவுக்கட்டு போடாததற்கும் காரணம் உண்டு: மூச்சு விடும் மார்பையும் தோளையும் சேர்த்து அசையாமல் இறுக்கிவைக்கும் கட்டு நடைமுறையில் இயலாது, தேவையும் இல்லை. கையின் எடையைத் தாங்கித் தோளின் இழுவையைக் குறைத்தாலே போதும். அதைத் தொங்குகட்டு செய்துவிடுகிறது. முதுகில் எட்டு வடிவில் இறுக்கும் கட்டை இன்னும் சிலர் விரும்பிக் கேட்கிறார்கள். எலும்பு கூடுவதில் அது தொங்குகட்டைவிடச் சிறந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. அக்குளில் அழுத்தி வலியைக் கூட்டுவதே அதிகம்.

படத்தைக் கண்டு எல்லாரும் ஆறுதல் கொள்ளலாம் என்று இதற்குப் பொருளில்லை. துண்டு தோலை உள்ளிருந்து குத்தி வெளிறச் செய்தால், முறிவு தோலைக் கிழித்து வெளிவந்தால், கையின் இரத்தக் குழாயோ நரம்போ பாதிக்கப்பட்டால் அறுவை சிகிச்சை தேவைப்படும். இரு முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் முழுதும் விலகியிருந்தாலோ, எலும்பு ஏறத்தாழ 2 சென்டிமீட்டருக்கு மேல் குறுகியிருந்தாலோ, தோள் முனையருகே முறிந்து விலகியிருந்தாலோ தகடு வைப்பது பற்றி மருத்துவர் பேசுவார். இங்கே நோயாளிக்கும் ஒரு பங்கு உண்டு. முழுதும் விலகிய முறிவுகளில் தகடு வைத்தால் எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு குறைகிறது. மறுபுறம், தோலுக்கடியில் தகடு உறுத்துவது, தழும்பின் கீழே மரத்துப்போவது, சீழ் பிடிப்பது, தகட்டை எடுக்க இன்னோர் அறுவை என்பனவும் உண்டு. ஓராண்டு கழித்துக் கையின் செயல்திறனைப் பார்த்தால் இரு முறைகளுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. தலைக்கு மேல் பாரம் தூக்கிப் பிழைப்பவருக்கும், மேசையில் அமர்ந்து வேலை செய்பவருக்கும் ஒரே படத்துக்கு ஒரே முடிவு பொருந்த வேண்டியதில்லை. ஆகவே உங்கள் தொழிலை மருத்துவரிடம் சொல்லுங்கள். அது படத்தில் தெரியாது.

படத்தில் தெரியாதவை வேறு சிலவும் உண்டு. எக்ஸ்-ரே எலும்பைக் காட்டும். எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களையும் நரம்புகளையும் காட்டாது. காறை எலும்பின் வெளிமுனையில் தசைநார் அறுந்திருந்தால், எலும்பு முழுதாக இருந்தும் அதன் முனை மேலே எழும்பி நிற்கும். அதை அறிய இரு தோள்களையும் ஒப்பிட்டுப் படம் எடுப்பதுண்டு. நல்ல தோளை ஏன் எடுக்கிறார்கள் என்று வியக்க வேண்டாம். மார்பெலும்பின் அருகிலுள்ள உள்முனையோ, முதுகெலும்பின் நிழலில் மறைந்து எக்ஸ்-ரேயில் தெளிவாகத் தெரிவதில்லை. அங்கே ஐயம் எழுந்தால் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

இன்னொரு விந்தையும் உண்டு. தாயின் வயிற்றில் முதன்முதலில் எலும்பாகத் தொடங்குவது காறை எலும்பு. முழுமை பெறுவதில் எல்லாவற்றுக்கும் பின்தங்கி நிற்பதும் அதுவே. உள்முனையில் உள்ள வளர்ச்சிக் குருத்து முழுதும் கூடி முடிய ஏறத்தாழ 25 வயதாகிவிடும். கல்லூரி வயதினரின் படத்தில் அங்கே ஒரு கோடு தெரிந்தால் அது முறிவாக இருக்க வேண்டியதில்லை. இணையத்தில் தேடிப் பார்த்து முடிவு கட்டுவதைவிடக் கதிரியல் மருத்துவரின் அறிக்கை வரும்வரை காத்திருப்பது நல்லது.

மறுபடியும் ஏன் எடுக்கிறார்கள்

முதல் ஓரிரு வாரத்துக்குள் ஒரு படம் எடுப்பார்கள். வீக்கம் வடிந்து தசைகள் மீண்டும் இழுக்கத் தொடங்கும்போது துண்டுகள் மேலும் விலகலாம். அறுவை தேவையென்றால் அதை அறிய வேண்டிய காலம் அதுவே. பின்னர் ஆறு வாரம் அளவில் இன்னொன்று. சிறுவர்களுக்கு மூன்று முதல் ஆறு வாரத்திலும், பெரியவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்திலும் எலும்பு பொதுவாகக் கூடிவிடும். புகைப்பவர்களுக்குத் தாமதமாகும், இந்த மூன்று மாதமாவது அதை விட்டுவிட இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

ஆறாவது வாரப் படத்தில் பலரும் ஏமாற்றம் அடைகிறார்கள். வலி போய்விட்டது, கை அசைகிறது, ஆனால் படத்தில் முறிவுக் கோடு அப்படியே இருக்கிறது. புதிதாக உண்டாகும் எலும்பு முதலில் மென்மையானது. சுண்ணாம்புச் சத்து ஏறிய பின்னரே அது படத்தில் வெண்மையாகத் தெரியும். எனவே உடல் ஆறியபின் சில வாரம் கழித்தே படமும் ஆறும். அழுத்தினால் வலி உண்டா, துண்டுகள் அசைகின்றனவா என்று மருத்துவர் கையால் சோதிப்பதும் படத்தோடு சேர்த்தே எடைபோடப்படும். முறிந்த இடத்தில் கெட்டியான புடைப்பு ஒன்று தோன்றும். அது ஆறுதலின் அடையாளம். சிறுவர்களுக்கு வளர வளரப் பெரிதும் மறைந்துவிடும். பெரியவர்களுக்கு ஓரளவு நிலைத்தே நிற்கும்.

இதற்கிடையில் கட்டு வைத்தியரிடம் செல்பவர்களும் உண்டு. அதை மறைத்து எங்களிடம் வருவதே சிக்கலைத் தருகிறது. இழுத்து நேராக்கும் முயற்சியும் அக்குளை இறுக்கும் கட்டும் நடந்திருந்தால், விரல் மரத்துப்போனதற்குக் காரணம் முறிவா கட்டா என்று அறிய அந்தச் செய்தி தேவை. யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

பிறந்த குழந்தைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். பிரசவத்தின்போது தலை வந்து தோள் சிக்கிக்கொண்டால் காறை எலும்பு முறியலாம். பிறப்பின்போது நேரும் எலும்பு முறிவுகளில் இதுவே மிகுதி. குழந்தை ஒரு கையை மட்டும் அசைக்காதிருக்கும், அல்லது உடை மாற்றும்போது வீறிட்டழும். சில குழந்தைகளுக்கு இரண்டாம் வாரத்தில் தாய் குளிப்பாட்டும்போது ஒரு புடைப்பு கையில் தட்டுப்படும்வரை யாருக்கும் தெரிவதில்லை. ஒரே ஓர் எக்ஸ்-ரே போதும். பல நேரங்களில் அதுவும் தேவைப்படாது. சட்டைக் கையை மார்போடு ஊக்கால் பொருத்தி வைப்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். அதன் பின்னும் கை துவண்டே கிடந்தால் நரம்பைச் சோதிக்க வேண்டும். அப்போது காத்திருக்க வேண்டாம்.

பெரியவர்களும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே வர வேண்டிய நேரங்கள் உள்ளன: மூச்சுத் திணறல், விரல்கள் மரத்தல் அல்லது குளிர்ந்து வெளிறுதல், கை பலமிழத்தல், முறிவின் மேலுள்ள தோல் பளபளத்து வெளிறுதல், காய்ச்சலோடு காயத்தில் நீர் கசிதல். இரவானால் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

வரும்போது பழைய படங்களை மறக்காமல் கொண்டு வாருங்கள். வேறு மருத்துவமனையில் எடுத்ததாயினும் சரியே. மடிக்காமல், உறையிலிட்டு, தேதி வரிசையில் அடுக்கியிருந்தால் ஒப்பிடுவது எளிது. செல்பேசியில் படச்சுருளைப் புகைப்படம் எடுத்து அனுப்புவது முறிவு இருப்பதைக் காட்டும். மில்லிமீட்டர் அளவில் விலகலைக் கணக்கிட அது உதவாது.